அஃறிணை

ஓல்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே, மூன்றாம் மாடி.
லிப்ட் இருக்கிறது. நான் படியேறுவேன்.
தானாக மூடும் கதவுகளோடு
எனக்கு இன்னும் சரிவரவில்லை.

செவ்வாய்தோறும் மூன்று நாற்காலி.
ஒன்றில் டாக்டர் ஹுன்சிக்கர், ஒன்றில் நான்,
நடுவில் தயாபரி, மொழிபெயர்க்க.
அவள் தொழிலில் ஒரு விதி:
‘இவ சொல்லுறா’ என்று சொல்லக்கூடாது.
நான் ‘நான்’ என்றால்
அவளும் ‘இஹ்’ என்றே தொடங்க வேண்டும்.

ஆகவே வவுனியா முகாமில்
பெயர் கூப்பிடக் கூப்பிட நடுங்கியது அவள்.
அகதி விசாரணையில் ஒரே கதையை நான்கு முறை சொல்லி
ஐந்தாம் முறை திகதி மாறிப் பிடிபட்டது அவள்.
‘உனக்கு விசர்’ என்று ஒன்பது வருடம் கேட்டு
கடைசியில் கண்ணாடியைப் பார்த்து
ஓமென்று தலையாட்டியதும் அவள்.
திருத்தமான உச்சரிப்பு.
பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

அடித்தானா என்று எல்லோரும் கேட்டார்கள்.
அடிக்கவில்லை.
சாவியை மேசையில் வைக்கிற சத்தத்தில்
அன்றைய இரவு எனக்குத் தெரிந்துவிடும்.
மெல்ல வைத்தால் நீளமான இரவு.
வெங்காயம் பெரிதாய் அரிந்ததற்கு எட்டு நாள் பேசவில்லை.
ஒன்பதாம் நாள் பேசினான்.
பேசாமலே இருந்திருக்கலாம்.

பெப்ரவரி முதல் புதன், பகல் ஒன்றரைக்கு
இந்த நாடு முழுக்க அபாயச் சங்கு ஊதிப் பார்ப்பார்கள்,
வேலை செய்கிறதா என்று.
முதல் வருடம் நான்
முதியோர் இல்லத்துச் சலவையறையில்
ஈர விரிப்புகளுக்கு அடியில் கிடந்தேன்.
போர்த்துக்கல்காரி இசால்டினா மெஷினை நிறுத்தினாள்.
ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் தரையில் குந்தி
தன் மத்தியானப் பாணைத் தின்று முடித்தாள்.
அவ்வளவுதான் செய்தாள்.
அந்த வருடம் எனக்குக் கிடைத்த
ஆகப் பெரிய வைத்தியம் அது.

போன மார்கழியில் தயாபரிக்குக் காய்ச்சல்.
இன்றைக்கு வேண்டாமென்றால் போகலாம் என்றார் டாக்டர்.
நடு நாற்காலியில் என் கோட்டைப் போட்டேன்.
‘இஹ்’ என்றேன்.
வினைச்சொல் வருவதற்குள்
ஜன்னலுக்கு வெளியே இரண்டு ரயில் போயிற்று.

பயத்துக்கு ஆண்பால் போட்டுப் பேசினேன்.
அந்த மொழியில் மேசை ஆண், கதவு பெண்,
கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண்.
பயம், பெண்.
டாக்டர் வாயால் திருத்தவில்லை,
புருவம் கொஞ்சம் அசைந்தது.
தெரியும் என்றேன், வகுப்பில் படித்ததுதான்.
ஆனால் நான் கண்ட பயம் ஆண்தான்.
சப்பாத்தோடு வந்தான், துவக்கோடு வந்தான்,
பிறகு பட்டுவேட்டியோடு வந்து
பந்தலில் பக்கத்தில் இருந்தான்.
அவர் சிரித்துவிட்டார். நானும்.
அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது,
மூக்கு வழிய, வெட்கமில்லாமல்.

வீடு திரும்புகையில் ஆரே நதியின் மரப்பாலம்.
கீழே தண்ணீர் பச்சையாய், அவசரமாய்.
நடுப்பாலத்தில் நின்றேன்.
என் மொழியில் பயம் ஆணுமில்லை, பெண்ணுமில்லை.
கல், கதவு, பல்வலி மாதிரி
அஃறிணை.
ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்த விஷயம்.
உடம்புக்குத்தான் யாரும் இலக்கணம் படிப்பிக்கவில்லை.

இந்தப் பெப்ரவரி, புதன்.
விரிப்பின் இரண்டு மூலை இசால்டினாவிடம்,
இரண்டு என்னிடம்.
சங்கு ஊதியது.
வந்தது.
முழங்காலில் ஏறி, அடிவயிற்றில் சற்று நின்றது.
இசால்டினா கண்ணால் கேட்டாள்.
மடி, என்றேன்.
சங்கு ஓய்ந்த பிறகும் கொஞ்சம் நின்றுவிட்டுப்
போனது.
போனது என்றே சொல்கிறேன்.

படிதான் இன்னும். லிப்ட் இல்லை.
சில இரவுகளில் விளக்கை அணைப்பதில்லை.
ஆனால் வேலை முடிந்து வந்ததும்
என் சாவியை என் மேசையில் எறிகிறேன்,
கலகலவென்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்க.
சிலவேளை மேசை தவறிக் கீழே விழுகிறது.
எடுக்க அவசரமில்லை.